செஸ்ல கருப்பு ஆடுற ஸ்லாவ் டிஃபென்ஸ்ல சி8 பிஷப்பை எப்ப வெளிய விடணும்? என் அனுபவம் இது, உங்களோடதும் சொல்லுங்க

நான் இருக்குறது சிங்கப்பூர் தோ பாயோ. எங்க புளோக் கீழ செஸ் கட்டம் போட்ட கல் மேசை இருக்கு, சனிக்கிழமை சாயங்காலம் ஆனா ஒன்பதாவது மாடி மாமா காய்ப் பையோட வந்து உக்காந்துடுவார். அவர் வெள்ளை, நான் கருப்பு. எப்பவும் சிப்பாயை டி4, அடுத்து இன்னொரு சிப்பாயை சி4, வேற ஆட மாட்டார் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் வெள்ளைப் பக்கத்துல இருந்து எண்ணுற குறுக்கு வரிசை). நான் ரெண்டு வருஷமா இ6 வச்சு ஆடிட்டிருந்தேன், அது நல்ல டிஃபென்ஸ்தான், தப்பு சொல்லல, ஆனா என் கைக்கு சரிப்படல, சி8ல இருக்குற பிஷப் (மூலைவாட்டத்துல போற காய்) அந்த இ6 சிப்பாய்க்குப் பின்னாடியே கடைசி வரைக்கும் அடைஞ்சு கிடக்கும். மாமாதான் சொன்னார், "தம்பி, நல்ல ஆளை வீட்டுக்குள்ள பூட்டி வச்சுட்டு யாரை வச்சு சண்டை போடப் போற, சி6 வச்சுப் பாரு"ன்னு.

அதான் ஸ்லாவ். சி6 சிப்பாய் டி5ல நிக்குற நம்ம சிப்பாய்க்கு முட்டு குடுக்கும், பிஷப் வழியையும் மறைக்காது. இவ்வளவுதானேன்னு ரெண்டு பேரும் குதிரை எடுத்து வச்சதும் நாலாவது மூவ்லயே பிஷப்பை எஃப்5ல கொண்டு போய் வச்சேன். அவர் டி5ல அடிச்சார், நான் சி சிப்பாயால திருப்பி அடிச்சேன், ராணி பி3க்கு வந்துச்சு. பி7 அனாதையா நிக்குது, ஏன்னா அதுக்குக் காவலே அந்த பிஷப்தான்! ராணியை பி6ல வச்சேன், அவர் சி3 குதிரையால டி5 சிப்பாயை எடுத்துட்டார், நான் ராணியை வெட்டுனா அவர் முதல்ல என் எஃப்6 குதிரையை செக்கோட எடுத்துட்டு அப்புறம் ஏ சிப்பாயால என் ராணியை எடுக்குறார், கணக்குல ஒரு சிப்பாய் போச்சு. மூணு சனிக்கிழமை இதே கதை.

அப்புறம் அவரே சொல்லிக் குடுத்தார். முதல்ல டி5 சிப்பாயால சி4ஐ அடி, அவர் ஏ4 தள்ளுவார் (தள்ளலேன்னா நம்ம பி5 வச்சு அந்த சிப்பாயைப் பிடிச்சுக்கப் பாக்கலாம்), அதுக்கப்புறம் பிஷப் எஃப்5. ஏன் இப்ப மட்டும் சரின்னு ஒரு வாரம் எம்ஆர்டி ரயில்ல போறப்பல்லாம் யோசிச்சேன். சி4ல நிக்குற நம்ம சிப்பாய் பி3 கட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கு, ராணி அங்க வந்தா போச்சு! இது புரிஞ்ச அன்னிக்கு வந்த சந்தோஷம் இருக்கே... அது போக ஏ4 தள்ளிட்டதால பி4க்கு வர்ற காயை இனி ஏ3 வச்சு விரட்ட முடியாது, இ6 வச்சதும் நம்ம இன்னொரு பிஷப் அங்க போய் உக்காந்துக்கும். சி4 சிப்பாயை அவர் திரும்ப எடுத்துக்கட்டும், ரெண்டு பிஷப்பும் வெளிய வந்தாச்சுல்ல. 1935ல அலெக்கினும் யூவேவும் உலகப் பட்டத்துக்கு ஆடுனப்பவே இந்த ஸ்லாவ் திரும்பத் திரும்ப வந்திருக்கு.

—

அண்ணே நல்லா சொன்னீங்க. 2024 நவம்பர்ல செந்தோசாவுல குகேஷ் - டிங் லிரன் உலகப் பட்ட மேட்ச், மூணாவது கேம் பார்க்க என் மகனைக் கூட்டிட்டுப் போனேன், பிரைமரி 5 படிக்கிறான். அது ஸ்லாவ் இல்ல, குவீன்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் எக்ஸ்சேஞ்ச் (நீங்க சொன்ன அந்த இ6 ஆட்டத்துல டி5ல சிப்பாய்களை மாத்திக்குறது), ஆனா அதுலயும் பிஷப்தான் பிரச்சனை. டிங்கோட பிஷப் எஃப்5ல இருந்து சி2 வரைக்கும் உள்ள போயிடுச்சு, திரும்பி வர வழியில்லாம அங்கேயே மாட்டிக்கிச்சு. 37வது மூவ்ல அவருக்கு டைமும் முடிஞ்சு போச்சு, குகேஷுக்கு அந்த மேட்ச்ல முதல் வெற்றி. என் பையன் வீடு வர்ற வரைக்கும் "அம்மா, வெளிய வந்தா மட்டும் போதாது, திரும்பவும் வழி இருக்கணும்"னு சொல்லிக்கிட்டே வந்தான்.

—

தங்கச்சி, பையன் சரியா பிடிச்சிருக்கான். ஸ்லாவ்லயும் எஃப்5 பிஷப்பை வெள்ளைக் குதிரை எச்4ல வந்து துரத்தும், அப்ப எங்க ஒதுங்குறதுன்னு முன்னாடியே பார்த்து வச்சுக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை ஒரு நாள் அவனைக் கூட்டிட்டு வாங்க, மாமா ஆறு மணிக்கெல்லாம் கீழ இருப்பார்.