மறுமொழி: 'பசுமைத் தலைமை' வேண்டாம், 'சூழல்பேண் தலைமை' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

Green transformational leadership என்ற ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழில் 'பசுமைத் தலைமை' என்று சொல்லலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. பசுமை வீடு, பசுமை அங்காடி என்று எங்கும் ஒட்டி ஒட்டி அந்த அடைமொழி தேய்ந்துவிட்டது. அதைவிட, தலைவர் எப்படிப்பட்டவர் என்று மட்டும்தான் அது சொல்கிறது. அவரால் தொழிலாளிக்கு என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை.

கருத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தைவான் மின்னணுத் தொழிலை ஆராய்ந்து 2013-இல் எழுதிய ஆய்வாளர்கள் யூ-ஷான் சென்னும் சிங்-சுன் சாங்கும், சூழல் இலக்கை நோக்கி ஆட்களை ஊக்கி, எதிர்பார்த்ததற்கும் மேலே செய்யத் தூண்டும் தலைவரின் நடத்தையைத்தான் இந்த ஆங்கிலப் பெயரால் அழைத்தார்கள். அதற்கு அடிப்படை, அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் பாஸ் வளர்த்த தலைமைக் கோட்பாடு (transformational leadership). முன்மாதிரியாக நிற்பது, நம்பிக்கை ஊட்டுவது, யோசிக்க வைப்பது, ஒவ்வொருவரையும் தனியாகக் கவனிப்பது என்று அவர் நான்கு கூறுகள் சொல்வார்.

எங்கள் சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கு கழுவவும் மாவு பிரிக்கவும் தண்ணீர் ஏராளமாக வேண்டும். கழிவுநீர் புளித்து நாறும். சில ஆலைகள் அதை மூடிய தொட்டியில் தேக்கி எரிவாயு எடுக்கின்றன. அதற்குப் பொறியாளரும் முதலீடும் வேண்டும். இந்த ஆலையின் இளைய முதலாளி ஒருநாள் வாய்க்கால் ஓரம் நின்று, தோல் சீவிக்கொண்டிருந்த அம்மாவிடம், "அக்கா, இதுல எந்தத் தண்ணிய மிச்சம் பண்ணலாம்?" என்று கேட்டார். அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மண்ணு கழுவ நல்ல தண்ணி எதுக்குங்க தம்பி? மாவு படிஞ்சப்புறம் மேல நிக்கிற தண்ணியே போதுங்க" என்றார். மறுநாளே மாவு படியும் தொட்டியிலிருந்து கிழங்கு கழுவுமிடத்துக்கு ஒரு குழாய் போட்டார்கள். அந்த அம்மாவுக்கு இது பல வருடமாகத் தெரியும். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் 'பேண்' என்கிறேன். உடம்பைப் பேணுகிறோம், பெற்றோரைப் பேணுகிறோம், நீரையும் பேணுகிறோம். மண்ணுக்கும் மனிதருக்கும் சேர்த்து ஒரே வினை நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்? 'பேண் தலைமை' என்பது 'ஊறுகாய்' போல, காலம் காட்டாமல் மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, உச்சரிக்கவும் எளிது.

அப்புறம், green creativity என்பதைக் குறிக்கும் 'பசுமைப் படைப்பாற்றல்' என்பதற்குப் பதிலாகச் 'சூழல்சார் ஆக்கத்திறன்' என்று வைக்கலாம். படைப்பு என்றதும் கவிதையும் ஓவியமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆய்வாளர்களின் வரையறையோ, யோசனை புதிதாகவும் இருக்கவேண்டும், பயன்படவும் வேண்டும் என்கிறது. ஆக்கம் என்றால் உண்டாக்குவது. செல்வம், பெருக்கம் என்றும் பொருள் உண்டு. இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கிறது.

'சார்' தேவையா, 'சூழல் ஆக்கத்திறன்' என்றே விடலாமா? சூழலையே ஆக்குவது என்று பொருள் திரியுமோ என்று எனக்குத் தயக்கம். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.