ஏ.சி.எல். அறுவை சிகிச்சை: கிராஃப்ட் சீக்கிரம் ஒட்ட பி.ஆர்.பி. ஊசி தேவையா?

ரைடர்22:
வணக்கம். வயது 22, கபடி ரைடர். ஊர்ப் போட்டியில் பிடியிலிருந்து திமிறித் திரும்பும்போது வலது முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டது. ஏ.சி.எல். ஜவ்வு முழுவதும் அறுந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது. தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்துப் புதிய ஜவ்வாக (கிராஃப்ட்) வைக்கப் போகிறார்கள். கூடவே பி.ஆர்.பி. ஊசி போட்டால் கிராஃப்ட் வேகமாக ஒட்டும், ஐந்தாம் மாதமே களமிறங்கலாம் என்று மருத்துவமனையில் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அப்பா ஆட்டை விற்கத் தயாராகிவிட்டார். போடலாமா?

முழங்கால்பிசியோ:
தம்பி, ஆடு இருக்கட்டும்.

பி.ஆர்.பி. என்பது உன் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் செறிந்த திரவம். சில ஆய்வுகளில் கிராஃப்ட் சற்று முன்னதாக முதிர்வதுபோல எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. முழங்காலின் உறுதியில் நம்பத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உனக்குப் படமா வேண்டும், கால்தானே?

ஒட்டுவதைத் தீர்மானிப்பது கிராஃப்டைச் செருக எலும்பில் போடும் துளை. பழைய ஜவ்வு பற்றியிருந்த இடத்திலேயே அது அமைய வேண்டும். விலகினால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் கிராஃப்ட் தவறாக இழுபடும். கிராஃப்டின் பருமனுக்கேற்ற இறுக்கமும் வேண்டும். தளர்வாக இருந்தால் மூட்டுத் திரவம் இறங்கும், கிராஃப்ட் உள்ளே ஆடும், துளை அகன்றுகொண்டே போகும். பருமன் 8 மி.மீ.க்குக் குறைந்தால் இளவயதினருக்கு மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். தசைநாண் மெலிதாக இருந்தால் என்ன செய்வார் என்று இப்போதே கேட்டுவை.

பழைய ஜவ்வின் மிச்சத்தைச் சிலர் வழித்தெடுக்காமல் விடுவார்கள். அதில் ரத்தக்குழாயும் நரம்பு முனைகளும் இருப்பதால் நல்ல யோசனைதான். அளவு மிஞ்சினால் காலை முழுதாக நீட்ட முடியாமல் தடுக்கும்.

உன்னைப் போல் சட்டென்று திரும்பி ஆடுபவர்களுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது அறுவை சிகிச்சையின்போதே சொந்தத் திசுவால் முழங்காலின் வெளிப்பக்கத்தில் போடும் கூடுதல் பட்டை. 25 வயதுக்கு உட்பட்ட, மறுபடி அறுந்துபோகும் ஆபத்து அதிகமுள்ள 618 பேரிடம் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. எல்லோருக்கும் தொடைத் தசைநாண் கிராஃப்ட்தான். இரண்டு ஆண்டுகளில் பட்டை இல்லாதவர்களில் 11 சதவீதம் பேருக்கும், பட்டை போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கும் கிராஃப்ட் அறுந்தது. பட்டை கிராஃப்டை வேகமாக ஒட்டவைப்பதில்லை. ஒட்டும்வரை அதன் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது.

ஷட்டில்பிரியன்:
எனக்கும் இதே அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாம் மாதமே வலி போய்விட்டது, மாடிப்படி ஏறினேன். இளவயதுக்காரர் ஐந்தாம் மாதம் ஆடினால் என்ன?

முழங்கால்பிசியோ:
வலி போகும் அந்தச் சமயத்தில்தான் கிராஃப்ட் மிக பலவீனமாக இருக்கிறது ஐயா. இடம் மாற்றியதும் அதன் பழைய செல்கள் மடிந்து, புது ரத்தக்குழாய்கள் நுழைந்து, நார்கள் மறுபடி அடுக்கப்படுகின்றன. இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். துளைக்குள் எலும்போடு பிணையவே 8 முதல் 12 வாரம் பிடிக்கும். 1993இல் நாய்களிடம் செய்த சோதனையில் எட்டு வாரம் வரை கிராஃப்ட் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வாரத்தில்தான் அந்தப் பிடிப்பு உறுதியானது.

2016இல் நார்வேயில் கண்டது இன்னொன்று: ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் மாதம் ஆடலாம் என்று விற்கிறவரிடம் இதைக் காட்டுங்கள்.

ரைடர்22:
நன்றி அக்கா. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணை எலும்புத் துண்டோடு எடுத்து வைப்பது இன்னும் சீக்கிரம் ஒட்டுமாமே?

முழங்கால்பிசியோ:
உண்மைதான். எலும்பு எலும்போடு சேர்வதால் ஆறு வாரமளவில் பிடித்துக்கொள்ளும். ஆனால் முன்முழங்கால் வலியும் மண்டியிடும்போது குத்தலும் பலருக்கு நீடிக்கும். கபடியில் எத்தனை முறை முழங்காலில் விழுவாய் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு முடிவெடு. சில்லுக்கு மேலுள்ள தொடை முன்தசைநாணை எடுப்பது பற்றியும் கேள். அது தடிமனானது, மண்டியிடும் தொல்லையும் குறைவு. புகை பிடிப்பாயானால் அதை இன்றே நிறுத்து. கட்டணமில்லாத சிகிச்சை அது.