கிளை மேலாளர் பொறுப்பேற்றும் தயக்கம் நீங்கவில்லை: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொதுத்துறை வங்கி ஒன்றில் பத்தாண்டுகளுக்கும் மேலாக அதிகாரியாகப் பணியாற்றி வருகிறேன். அதில் பெரும்பகுதி கடன் பிரிவில் கழிந்தது. சென்ற ஆண்டு, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் உள்ள ஒரு சிறிய ஊரின் கிளைக்கு மேலாளராக நியமிக்கப்பட்டேன். பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் சுய உதவிக் குழுக் கணக்குகள், வாராக்கடன் வசூல் என்று எந்த வேலையும் எனக்குப் புதிதல்ல. ஆனால் வேலை தெரிந்திருப்பதும், அந்த நாற்காலியில் உறுதியோடு அமர்வதும் வேறு வேறு என்பதை இப்போது நாள்தோறும் உணர்கிறேன்.

என் அறைக்குள் எட்டிப் பார்க்கும் வாடிக்கையாளர்களில் சிலர், "மேனேஜர் சார் வெளியே போயிருக்காரா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், வெளியே அமர்ந்திருக்கும் துணை மேலாளரிடம் போய்விடுகிறார்கள். அவர் என்னைவிட வயதில் மூத்தவர், நல்லவர். ஆனால் கேட்டவர்களுக்கு அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில், செயலற்றுக் கிடக்கும் மகளிர் குழுக்களை மீண்டும் இயங்க வைப்பது பற்றி நான் ஒரு யோசனை சொன்னேன். அதே யோசனையைச் சற்று நேரம் கழித்து வேறொரு கிளை மேலாளர் சொன்னபோது, அது அவருடைய யோசனையாகவே குறிப்பில் ஏறியது. எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஊழியர்களிடம் கண்டிப்பாகப் பேசினால் கோபக்காரி என்கிறார்கள். மென்மையாகச் சொன்னால் வேலை நடப்பதில்லை.

அடுத்த நிலைப் பதவி உயர்வுக்கான அறிவிப்பு வந்துள்ளது. தகுதி இருக்கிறது. ஆனால் இந்தக் கிளையிலேயே முழுமையாகக் காலூன்றாத நான் அதற்குள் விண்ணப்பிப்பது சரியா என்ற எண்ணம் என்னைத் தடுக்கிறது. தன்னம்பிக்கை காலப்போக்கில் தானாக வருமா, அல்லது அதற்கென்று முயற்சி எடுக்க வேண்டுமா? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

---

கோவைத் தென்றல் (பதில்)

சகோதரி, வங்கிப் பணியில் முதன்மை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். தன்னம்பிக்கை வந்த பிறகு அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே கைக்கு வராது. உங்களுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருக்கும் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்துங்கள். நம்பிக்கை அதன் பின்னால் வரும்.

மேலாளராக அமரும் பலரிடம், குறிப்பாக நம் பெண்களிடம், நான் பார்த்த ஒரு பழக்கம் உண்டு. தங்கள் அதிகார வரம்புக்குள் ஒப்புதல் அளிக்கக்கூடிய கடனைக்கூட, எதற்கு வம்பு என்று, கருத்துக் கேட்டு வட்டார அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது பாதுகாப்பான வழியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்பு திரும்பி வரும்வரை வாரக்கணக்கில் அலையும் விவசாயி, இந்த அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார். அடுத்த முறை அவர் துணை மேலாளரிடம் போவதில் வியப்பென்ன? உங்கள் வரம்புக்குள் இருப்பதை உங்கள் மேசையிலேயே, முடிந்தால் அன்றே, தீர்மானியுங்கள். கொடுப்பதானாலும் மறுப்பதானாலும் காரணத்தைக் கோப்பில் தெளிவாக எழுதிக் கையொப்பமிடுங்கள். பின்னாளில் தணிக்கையாளர் கேள்வி கேட்டாலும், காரணம் எழுதப்பட்ட முடிவு உங்களைக் காப்பாற்றும்.

துணை மேலாளர் விஷயத்தை நீங்களே அவரிடம் நேரில் பேசித் தீர்க்க வேண்டும். அவர்மீது குற்றம் சுமத்த வேண்டியதில்லை. கடன், வசூல், புகார் தொடர்பாக யார் வந்தாலும் முதலில் என் அறைக்கு அழைத்து வாருங்கள், நீங்களும் உடன் அமருங்கள் என்று சொல்லுங்கள். அவர் எழுந்து வந்து, "இவங்கதான் எங்க மேனேஜர், மேடத்துக்கிட்ட சொல்லுங்க" என்று ஒருமுறை சொன்னால், அந்தச் செய்தி தேநீர்க் கடை வழியாக ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல மனிதர் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, வெளியே போங்கள். உங்கள் பகுதியில் நெல்லும் உண்டு, தென்னையும் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தாலும், உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வருகிறது என்பது தெரியாமல் பயிர்க்கடன் தவணையைப் பற்றிப் பேச முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுநடவு செய்தவர்களுக்கு, நெட்டை ரகக் கன்றுகள் காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். கடனாளியின் தோப்புக்குள் நின்று, எந்த வரிசை புயலுக்கு முந்தையது, எந்த வரிசை பிறகு வைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வரும் மேலாளரிடம், "சார் இல்லையா" என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் பொள்ளாச்சிப் பக்கம் பணியாற்றிய காலத்தில் என் பயத்தை இறக்கிவைத்த இடம் அறை அல்ல, தோப்புதான்.

கண்டிப்பு பற்றி ஒரு சொல். தாமதமாக வருவது குறித்தோ, கவுன்டரில் வாடிக்கையாளரைக் காக்க வைப்பது குறித்தோ, எல்லோருக்கும் ஒரே விதியை எழுத்தில் வையுங்கள்; மீறியவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். கோபக்காரி என்ற பெயர் சில மாதம் இருக்கும். விதி யாருக்கும் வளையவில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

நம் துறையில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. இந்தியன் வங்கி பெரும் நட்டத்தில் தத்தளித்தபோது, 2000ஆம் ஆண்டு அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ரஞ்சனா குமார். இந்தியாவில் ஒரு பொதுத்துறை வங்கிக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். சென்னையில் அமர்ந்து, நட்டம் தந்த கிளைகளையும் செலவுகளையும் குறைத்து, ஓரிரு ஆண்டுகளில் அந்த வங்கியை மீண்டும் இலாபப் பாதைக்குக் கொண்டுவந்தார். அவரும் பயிற்சி அதிகாரியாகப் பணியில் சேர்ந்து, கிளை கிளையாக ஏறி வந்தவர்தான்.

விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

---

கணக்கன் (பதில்)

மேடம், நான் வட்டார அலுவலகம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவன். ஆய்வுக் கூட்டங்களை நடத்தும் இடத்தில் இருந்து சொல்கிறேன்.

உங்கள் யோசனை வேறொருவர் பெயரில் ஏறியது நடத்துபவரின் கவனக்குறைவு. "இதை அந்தக் கிளை மேலாளர் முன்பே சொன்னார்" என்று சுட்டிக்காட்டுவது அவருடைய கடமை. இருந்தாலும் அவர் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு முந்தைய மாலையே, எத்தனை குழுக்கள் செயலற்றுள்ளன, காரணம் என்ன, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மறுநாள் யார் திருப்பிச் சொன்னாலும் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். அந்த இடத்திலேயே, "நான் நேற்று அனுப்பிய குறிப்பில் இருப்பதைச் சார் விரிவாகச் சொன்னார், அதன் அடுத்த கட்டத்தை நான் சொல்கிறேன்" என்று தொடரவும் முடியும். இதில் சண்டை எதுவும் இல்லை.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களைப் படிக்கும்போது என் மனத்தை உறுத்திய ஒன்று உண்டு. ஒரே அளவு வேலை செய்த இருவரில், ஆண் அலுவலர் வசூலித்த தொகையையும் திறந்த கணக்குகளின் எண்ணிக்கையையும் வரிசையாக எழுதியிருப்பார். பெண் அலுவலர் பல சமயம் "இலக்குகள் நிறைவேற்றப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். பதவி உயர்வுக் குழுவில் அமர்பவருக்கு உங்கள் கிளை எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அவர் முன்னால் இருப்பது அந்தத் தாள் மட்டுமே. ஆகவே எண்களை எழுதுங்கள். அது தற்பெருமை ஆகாது.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு பொருளாதார, மேலாண்மை ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. பதவி உயர்வுக்கு உதவாத, ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலைகளுக்கு, ஆண்களும் பெண்களும் கலந்திருந்த குழுக்களில் பெண்கள் முன்வருவது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆண்கள் மட்டுமே இருந்த குழுவிலும், பெண்கள் மட்டுமே இருந்த குழுவிலும் அந்த வேறுபாடு இல்லை. அதாவது பெண்களுக்கு அந்த வேலைகள் பிடித்திருக்கிறது என்பதல்ல காரணம். அவர்கள்தான் செய்வார்கள் என்று அந்த அறையில் உள்ள எல்லோரும், பெண்களும் உட்பட, எதிர்பார்ப்பதே காரணம். நம் அலுவலகங்களில் பிரிவுபசார விழாவுக்கு வசூல், ஆயுத பூஜை ஏற்பாடு, கூட்டக் குறிப்பு எடுப்பது ஆகியவை யார் தலையில் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். என் அலுவலகத்தில் இவற்றை முறை வைத்துப் பகிர்ந்தளித்தோம். வட்டாரக் கூட்டங்களில் இந்த வேலைகள் உங்களிடம் வந்தால், இந்த மாதம் அடுத்தவர் முறை என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

---

வைகறை (பதில்)

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆனாலும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தயக்கத்தை அந்தப் பெண்ணின் குறையாக மட்டும் பார்த்து, அவருக்கு மேலும் மேலும் வீட்டுப்பாடம் கொடுப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு, எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே முதலியோர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத கிராமங்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பீடு கொடுத்தார்கள். பெண் தலைவரைப் பார்த்துவிட்ட கிராமங்களில் அந்த இடைவெளி பெருமளவு மறைந்தது. முதல் முறை வந்த பெண் தலைவர்களை, அவர்களின் செயல்பாடு குறைவாக இல்லாதபோதும், மக்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டாம் முறை பெண் வந்தபோது அப்படிச் செய்யவில்லை.

காவிரிக்கரை அவர்களே, அந்தக் கிளையின் முதல் பெண் மேலாளர் நீங்கள்தானா? அப்படியென்றால், உங்கள் அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் உங்களை எடைபோடவே இல்லை. பெண் மேலாளர் என்ற காட்சிக்கு அவர் கண் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அதை உங்கள் திறமை மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பதவி உயர்வைத் தள்ளிப்போட்டால், நம் வங்கிகளில் மேல்நிலைகளில் பெண்கள் குறைவாக இருப்பது அப்படியே தொடரும். ஒரு வட்டாரத்துக்கு ஒரு பெண் மேலாளர் என்று தனியாக நிறுத்தாமல், நாலைந்து பேரைச் சேர்த்து நியமிக்க வேண்டும் என்பதை அதிகாரிகள் சங்கத்தின் வழியாகக் கேட்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

---

நெல்லைச் சீமை (பதில்)

இடமாற்றம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் பதவி உயர்வை மறுப்பதற்கு நம்மில் பலருக்கு உண்மையான காரணம் அதுதான். பெண் ஊழியர்களைக் கூடுமானவரை கணவரோ பெற்றோரோ இருக்கும் இடத்துக்கு அருகில் நியமிக்குமாறு நிதியமைச்சகம் 2014இல் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. அது உரிமையாகக் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். எழுத்தில் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது. என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஏற்றுக்கொண்டு, அதே வாரம் கோரிக்கையையும் கொடுத்தேன். முதலில் வெளி மாவட்டம்தான் கிடைத்தது. வீட்டில் முன்கூட்டியே பேசி, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டதால் சமாளிக்க முடிந்தது. மாமியாரைவிடக் கணவர்தான் முதலில் தயங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

காவிரிக்கரை (மறுமொழி)

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. வைகறை கேட்டது சரிதான். இந்தக் கிளைக்கு இதுவரை பெண் மேலாளர் வந்ததில்லை.

துணை மேலாளரிடம் நேற்று பேசினேன். தான் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு வேலைச்சுமையைக் குறைப்பதாக அவர் நினைத்திருந்தார். இனி கடன் விசாரணைகளை என் அறைக்கே அழைத்து வருவதாகச் சொன்னார். இன்று காலை நகைக்கடன் புதுப்பிக்க வந்த ஒருவரை அப்படியே அழைத்தும் வந்தார்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். மகளிர் குழுக்கள் பற்றிய குறிப்பையும் கூட்டத்துக்கு முன் அனுப்ப எழுதி வருகிறேன். கோவைத் தென்றல் அம்மாவிடம் ஒரு கேள்வி: புயலுக்குப் பின் மறுநடவு செய்த தோப்புகளுக்கான பழைய கடன்களில், காய்ப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கும் நிலையில், தவணையை மறுசீரமைக்கும் பரிந்துரையில் மகசூலை எப்படிக் கணக்கிட்டுக் காட்டினீர்கள்? ஊடுபயிர் வருமானத்தைச் சேர்க்கலாமா? இந்த வாரம் இரண்டு தோப்புகளைப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.