புதுப்பிப்பு: கிணத்தடி வெடேலியா அடங்கிவிட்டது

கோண்டாவில் வளவில் மஞ்சள் பூவுக்காக நட்ட வெடேலியா என்ற படர்கொடி கிணத்தடியை மூடி வாழைப்பாத்திக்குள்ளும் ஏறிவிட்டது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் மிக்க நன்றி.

கைகொடுத்தது தறப்பாள் போடச் சொன்ன அண்ணையின் யோசனைதான். தண்ணி விட்டுச் செம்மண்ணை இளக்கி, கொடியை ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்தோம். பிறகு கறுப்புத் தறப்பாளை விரித்து, விளிம்பெல்லாம் கல் வைத்து, பங்குனியிலிருந்து ஆடி வரை மூடிவைத்தோம். இப்போது கீழே வெறும் மண். மேலால் வெட்டிவிடும் வழி சரிவரவில்லை. கணுவுக்குக் கணு வேர் விடுவதால் விரலளவு துண்டும் துளிர்க்கிறது.

எதிர்பாராதது ஒன்று: உரப்பையில் கட்டி மாமர நிழலில் வைத்த கொடி, பைக்குள்ளேயே வெள்ளை வேர் விட்டிருந்தது! சீமெந்துத் தரையில் பரப்பி, கையால் முறியும்வரை காயவிடுங்கள். பச்சையாகப் பசளைக் குழியில் போடவே வேண்டாம்.

இது மஞ்சள் கரிசலாங்கண்ணி மூலிகையோ என்று கேட்ட அக்காவுக்கு: இல்லை, இது அமெரிக்க வெப்பமண்டலத்து இனம். இலை பெரும்பாலும் மூன்று மடலாக இருக்கும். மருந்துக்குப் பறிக்காதீர்கள்.

கிணற்றுக்கட்டு வெடிப்பில் மட்டும் இன்னும் துளிர் வருகிறது. கண்டவுடன் வேரோடு பிடுங்குகிறோம்.