ஃபிராக்டல்: தன்னொப்புருவா, பகுவலா?

அனைவருக்கும் வணக்கம்.
மேல்நிலை வகுப்புக்கான கணிதத் துணைநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரணி இலையில் ஒரு சிறு கிளையைக் கிள்ளினால் அதுவே முழு இலை போல இருக்கிறதே, அந்த ஃபிராக்டலுக்குத் 'தன்னொப்புரு' சரிவருமா?

> தன்னொப்புரு சரிவருமா?

புணர்ச்சியில் பழுதில்லை அம்மா, தனிக்குறில் முன் ஒற்று ஒழுங்காக இரட்டியிருக்கிறது. பொருளில்தான் இடிக்கிறது. நேர்கோட்டை மூன்றாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் நேர்கோடுதான். அது ஃபிராக்டலா? கணிதவியலர் மாண்டல்பிராட் 1975இல் பெயர் வைத்தபோது உடைந்தது என்னும் பொருளுள்ள இலத்தீன் 'ஃபிராக்டஸ்' சொல்லைத்தான் எடுத்தார். கோட்டின் நடுப்பங்கை எடுத்து முக்கோண முனை வைத்து, அதையே ஒவ்வொரு துண்டிலும் முடிவில்லாமல் செய்தால் கோக் வளைகோடு. அதன் பரிமாணம் ஏறத்தாழ 1.26. கோட்டின் ஒன்றிலும் சேராது, தளத்தின் இரண்டிலும் சேராது. என் பரிந்துரை: பகுவல்.

> பகுவல்

ஐயா, பையன்கள் இதைப் பகா எண்ணுக்குப் பங்காளி என்பார்கள். உடைசல்தான் வேண்டுமென்றால் 'பின்னம்' கையிலேயே இருக்கிறதே. வடமொழியில் 'பின்ன' என்றால் உடைந்த. 'பின்னுரு' என்று வைப்போம்.

> வடமொழியில்

மறுக்கிறேன். பின்னு, பின்னல், பின்னகம் எல்லாம் ஒரே வேர். பின்னம் தூய தமிழ்.

> ஒரே வேர்

சடை பின்னினால் சேருமா, உடையுமா? தவிர, பின்னுரு என்றால் முதுகுப் பக்கம் எடுத்த படம் என்று நினைப்பார்கள்.

நூல்களை விடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பாருங்கள். தளத்தின் விளிம்பில், மூலைக்கு மூலை கர்ணகூடம். அதற்கும் சுவர், சிகரம், உச்சியில் கலசம். கோயிலுக்கு மேல் குட்டிக் கோயில். ஸ்தபதிகளிடம் கேட்டால் சொல் கிடைக்கும்.

> ஸ்தபதிகளிடம்

கேளுங்கள். கர்ணம், பஞ்சரம் என்று வடமொழியில்தான் சொல்வார்கள். அப்புறம் அதற்கும் வேர் தோண்டுவோம்.

ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் கோலத்தை ஏன் விட்டீர்கள்? சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி கோலத்துக்குக் கணினி இலக்கணமே வகுத்தார். (தலைப்பை விட்டு விலகுகிறேன், தெரிகிறது.)

என் வாக்கு தன்னொப்புருவுக்கு. படித்ததும் புரிகிறது. அது போதும்.

> அது போதும்

எனக்கும் அதுவே. தூக்கம் வருகிறது.

அனைவருக்கும் நன்றி. தன்னொப்புரு என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் ஃபிராக்டல் என்றும் சேர்த்து எழுதிவிட்டேன். ஐயாவின் நேர்கோடு அடிக்குறிப்பில் இருக்கிறது.

> அடிக்குறிப்பில்

பெயர் தவறு என்று அடிக்குறிப்பிலேயே ஒப்புக்கொண்டு மேலே அதே பெயரா, அம்மா? கடைசிப் பக்கச் சொல்லடைவிலாவது ஒரு சாய்கோடு போட்டுப் பகுவலையும் சேருங்கள். வியாழன் இரவு வரை நேரம் இருக்கிறது.