ரவுட்டரிலேயே ஃபயர்வால் இருக்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் எதற்கு?

சிப்புட் கணக்கு:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்துக்குப் பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறேன். நான்கைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். பிரிண்டர் என் கணினியில் கேபிள் வழியாக மாட்டியிருக்கிறது. மகன் ஹாஸ்டலிலிருந்து வந்தபோது அவன் லேப்டாப்பிலிருந்து அச்சடிக்க முடியவில்லை. டவுன் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். என் கணினியில் விண்டோஸ் ஃபயர்வாலை (கேட்காமல் உள்ளே வருவதைத் தடுக்கும் காவலாம்) நிறுத்தினான், பிரிண்டர் உடனே ஓடியது. பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கினான். "மோடத்திலேயே ஃபயர்வால் இருக்குக்கா, இது டபுள் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து திரையின் மூலையில் கேடயப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கிறது. கடைத் தொழிலாளர்களின் ஐசி (அடையாள அட்டை) எண், ஈபிஎஃப் (சேமநிதி) விவரம் எல்லாம் இந்தக் கணினியில்தான். அப்படியே விட்டுவிடலாமா?

செம்பனை:
விடலாம். ரவுட்டர் (அந்தப் பையன் மோடம் என்ற வைஃபை பெட்டி) இருந்தால் வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. நான் மூன்று வருடமாக நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழைய கிராணி:
தங்கச்சி, முதலில் அந்த ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

செம்பனை சொல்வது பாதி சரி. வெளியுலகத்துக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி ஒன்றுதான். வீட்டுக்குள் இருக்கும் கணினி, கைப்பேசி, டிவிக்கு அது 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும். உங்கள் கணினி வெளியே எதையாவது கேட்டால், எந்த முகவரி, எந்தப் போர்ட் (கணினியின் எண் போட்ட கதவு) என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உரியவருக்குத் தள்ளிவிடும். யாரும் கேட்காமல் வந்த பாக்கெட்டுக்கு, அதாவது தகவல் துண்டுக்கு, பட்டியலில் இடம் இருக்காது, அது வாசலோடு போய்விடும். தோட்டத்து கேட்டில் ஜாகா (காவல்காரர்) புத்தகம் வைத்திருப்பாரே, காலையில் வெளியே போன லாரி எண் அதில் இருந்தால்தான் மாலையில் கம்பைத் தூக்குவார். அதே கதைதான்.

ஆனால் லயத்துக்குள் (தொழிலாளர் குடியிருப்புக்குள்) நடப்பது கேட்டில் நிற்கும் ஜாகாவுக்குத் தெரியாது. உங்கள் மகனின் லேப்டாப் ஹாஸ்டல் வைஃபையில் எதையாவது ஒட்டிக்கொண்டு வந்தால், அது அவன் பையிலேயே கேட்டைத் தாண்டிவிட்டது. லேப்டாப்பிலிருந்து உங்கள் கணினிக்குப் போகும் பாக்கெட்டை ரவுட்டர் அந்தப் பட்டியலில் பார்ப்பதே இல்லை. வீட்டுக்குள் ஒன்றுக்கொன்று பேசத்தானே வைஃபை என்று விட்டுவிடும். அந்த இடத்தில் உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஃபயர்வால் மட்டும்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் பரவியது இப்படித்தான். ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் போர்ட் 445 திறந்திருக்கும் மற்ற கணினிகளைத் தானே தேடிப் போனது. மைக்ரோசாஃப்ட் அதற்கான அப்டேட்டை மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்று. ரவுட்டருக்குத் தெரிவது முகவரியும் போர்ட்டும்தான், எந்த மென்பொருள் கேட்கிறது என்று தெரியாது. கணினிக்குள் இருக்கும் ஃபயர்வாலுக்கு அது தெரியும். ஆனால் விண்டோஸ் ஃபயர்வாலும் உள்ளே வருவதைத்தான் தடுக்கும். வெளியே போவதை, நாமாக விதி போடாதவரை, விட்டுவிடும். அதனால் கண்ட கோப்பையும் நீங்களே திறந்து உள்ளே விட்டால் இரண்டு காவலும் பார்த்துக்கொண்டுதான் நிற்கும்.

2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற நச்சு நிரல் வந்தபோது தோட்ட ஆபீசில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். ரவுட்டரெல்லாம் கிடையாது, டயல் அப் மோடம் நேராகக் கணினியில். திடீரென்று ஒரு பெட்டி வந்து 60 விநாடியிலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது. பூஜ்யம் வந்ததும் கணினி தானே அணைந்து மறுபடி ஓடியது. திரும்ப இணையத்தில் இணைந்தால் மறுபடியும் 60. அன்றைக்குச் சம்பளப் பட்டியலைக் கையால்தான் எழுதினேன். அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் அப்போதே இருந்தது, ஆனால் யாராவது போட்டால்தான் ஓடும். அடுத்த வருடம் சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்த பிறகுதான் அது தானாகவே ஓடும்படி ஆனது. இருபது வருடத்துக்கு முன் அவர்கள் போட்டுவிட்டதை அந்தப் பையன் ஒரு கிளிக்கில் நிறுத்திவிட்டுப் பதினைந்து வெள்ளி வாங்கியிருக்கிறான்.

பிரிண்டருக்கு வருகிறேன். உங்கள் வைஃபை பப்ளிக் என்று பதிவாகியிருக்கும், அதில் பகிர்வை விண்டோஸ் மூடிவிடும். பிரைவேட் என்று மாற்றி, பிரைவேட்டுக்கு மட்டும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கைத் திறங்கள். ஆனால் அப்படித் திறப்பதும் அதே போர்ட் 445தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிரிண்டரிலேயே வைஃபை இருந்தால் அதை நேராக ரவுட்டரோடு சேர்த்துவிடுங்கள். அப்போது உங்கள் கணினி யாருக்கும் கதவு திறக்க வேண்டியதில்லை.

செம்பனை:
சரி அண்ணே, நானும் போட்டுவிட்டேன். ஆனால் என் வீட்டில் நான் மட்டும்தான்.

பழைய கிராணி:
லேப்டாப்பை மாமாக் கடை (சாப்பாட்டுக் கடை) வைஃபைக்கு எடுத்துப் போவீர்கள்தானே? அங்கே உங்கள் ரவுட்டர் கூட வராது.

சிப்புட் கணக்கு:
நன்றி அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரி பப்ளிக் என்றுதான் இருந்தது. பிரிண்டரின் பின்பக்கம் ஒரு வைஃபை பொத்தானும் இருக்கிறது, இரண்டு வருடமாக அது எதற்கென்றே தெரியாது! மகனின் லேப்டாப்பிலிருந்து நேராக அச்சாகிறது, சிவப்புக் குறியும் போய்விட்டது. இன்னொரு கேள்வி: வீட்டுக்காரர் வாசலில் கேமரா மாட்டியிருக்கிறார். கைப்பேசியில் பார்ப்பதற்காக, மாட்ட வந்தவர் ரவுட்டருக்குள் போய் எதையோ "ஓப்பன்" பண்ணினார்.

பழைய கிராணி:
போர்ட் ஃபார்வர்டிங்காக இருக்கும். "இந்த எண்ணில் யார் தட்டினாலும் கேமராவிடம் அனுப்பு" என்று ஜாகாவிடம் சொல்லிவைப்பது அது. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் பிடித்ததெல்லாம் பெரும்பாலும் இப்படி வெளியே தெரிந்த கேமராக்களும் ரவுட்டர்களும்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே உள்ளே போனது. ரவுட்டர் பக்கத்தில் அந்த விதியை எடுத்துவிடுங்கள், ரவுட்டரில் யூபிஎன்பி என்ற வசதி ஓடினால் அதையும் நிறுத்துங்கள், அது கேட்ட பொருளுக்கெல்லாம் தானே கதவு திறந்துவிடும். ஐபிவி6 (புதுவகை இணைய முகவரி) இருந்தால் அதற்கான ஃபயர்வாலும் ஓடுகிறதா பாருங்கள். அங்கே உள்முகவரி மறைப்பு வேலை கிடையாது. கேமராவின் கடவுச்சொல் என்ன?

சிப்புட் கணக்கு:
ஒன்றிலிருந்து ஆறு வரை, வரிசையாக. இப்போது மாற்றிவிட்டேன். வீட்டுக்காரர் பாசார் மாலாமிலிருந்து (இரவுச் சந்தை) போன் பண்ணி, "கேமரா திறக்கமாட்டேன் என்கிறது, கெட்டுப்போச்சா?" என்று கேட்கிறார்.