பெர்ரி கோர்டி: கலைஞர்களை வளர்த்தவரா, அவர்களை வைத்து வளர்ந்தவரா?

பழையதட்டு: 1959-ல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பிற்பாடு மோடவுன் என்று பேர்பெற்ற இசைத்தட்டு கம்பெனியை ஆரம்பித்தவர் பெர்ரி கோர்டி. அதற்கு முன் குத்துச்சண்டை, நொடித்துப்போன ஜாஸ் தட்டுக்கடை, கார் ஆலை வேலை. 1988-ல் மோடவுனை 6.1 கோடி டாலருக்கு விற்றார். இவரைப் போய்ச் சுரண்டல்காரர் என்று இங்கே நேற்று ஒருவர் எழுதியது அநியாயம்.

கணக்குப்பிள்ளை: எழுதியது நான்தான். தட்டு போடுவது மோடவுன். பாட்டின் பதிப்புரிமை ஜோபெட் என்ற கம்பெனிக்கு, அதுவும் கோர்டியுடையது. பாடகருக்கு மேலாளர்? கோர்டியின் இன்னொரு கம்பெனி. உங்களுக்காக முதலாளியிடம் பேரம் பேச வேண்டியவரே முதலாளியிடம் சம்பளம் வாங்கினால் பேரம் எப்படிப் படியும்? மோடவுனின் சுப்ரீம்ஸ் பாடகிகள் குழுவுக்கு வரிசையாக ஹிட் பாட்டுகள் எழுதிக்கொடுத்த ஹாலந்து, டோசியர், ஹாலந்து மூவரோடு 1968-ல் கோர்ட்டு வரை போனது சும்மாவா?

பழையதட்டு: கோர்ட்டுக்குப் போகாத கம்பெனி எது? அவருடைய காதைப் பற்றியும் பேசுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் புதுப் பாட்டுகளைப் போட்டுக் கேட்பார்கள். தாமதமாக வந்தால் கதவு சாத்தியிருக்கும், மோடவுனின் பெரிய பாடகர், பாட்டாசிரியர் ஸ்மோக்கி ராபின்சனே வெளியில் நின்றிருக்கிறார். கோர்டி கேட்கும் கேள்வி: கையில் கடைசி டாலர், பசி வேறு. இந்தத் தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? சாண்ட்விச் என்றால் பாட்டு அவ்வளவுதான்.

தாளக்கட்டை: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் பேஸ் கிடார் வாசிப்பவன். மோடவுன் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்த அந்த ஓட்டங்களை இரண்டு விரல் போட்டாலும் என்னால் பிடிக்க முடியவில்லை. அவரும், பின்னணி வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவும் ஒரு வீட்டில் இருந்த மோடவுன் ஸ்டூடியோவில் அறுபதுகள் முழுக்க வாசித்தார்கள், தட்டின் உறையில் பெயர் இல்லை. பெயர் வந்தது 1971-ல், மோடவுன் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில். அதன் தலைப்புப் பாட்டையே கோர்டி முதலில் வேண்டாம் என்றார்! அப்போது அந்தக் காது எங்கே போனது? அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிவிட்டது.

பழையதட்டு: பெயர் போடாதது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலத்தையும் பாருங்கள். 1966-ல் மோடவுனின் கறுப்பினப் பாடகர்களான ஐஸ்லி பிரதர்ஸ் ஆல்பத்தின் அட்டையில் பாடியவர்கள் படம் இல்லை, கடற்கரையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி. தட்டு விற்க அப்படியெல்லாம் வளைய வேண்டியிருந்தது. அப்புறம் ஸ்டீவி வொண்டர்? பதினொரு வயதில் வந்த பார்வையற்ற சிறுவனை யார் வளர்த்தது?

கணக்குப்பிள்ளை: வளர்த்தார், இல்லை என்று யார் சொன்னது? 1971-ல் அந்தச் சிறுவனுக்கு 21 வயது ஆனது, பழைய ஒப்பந்தம் முடிந்தது. உயர்ந்த ராயல்டி, தன் பாட்டுகளுக்குத் தனி பதிப்புக் கம்பெனி, ஸ்டூடியோவில் முழுச் சுதந்திரம் என்று எல்லாம் வாங்கிக்கொண்டுதான் மறுபடி கையெழுத்துப் போட்டார். பேரம் பேச அவர் கூட்டிப் போனது வெளி வக்கீலை.

தாளக்கட்டை: ஜேமர்சனுக்கு அப்படி ஒரு வக்கீல் இல்லை.